வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள்

(சிம்பாங் ரெங்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்தந்தையர் நினைவாக இந்த அறக்கட்டளையை அவர்களுடைய மக்கள் நிறுவியிருக்கிறார்கள். கோயிலுக்கு ஒரு வளைவு கட்டியிருக்கலாம், பெயர் பொறித்த கல் நட்டிருக்கலாம். அவர்களோ ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவையும் பிள்ளைகளுக்குப் புத்தகப் பரிசையும் தேர்ந்தெடுத்தார்கள். 'குடும்பத்தில் வாசிப்பு' என்ற தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். அந்தத் தேர்வுக்கு முதலில் தலைவணங்குகிறேன்.

இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள், அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் படித்தோம் தெரியுமா என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை நான் பேசப்போவதில்லை. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருடைய பாட்டிக்கோ கொள்ளுப்பாட்டிக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். அப்படியானால் நமக்கு வாசிப்பு எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தார்கள்?

பள்ளிக்கூடம் கொடுத்தது என்று சொல்லலாம். பாதி உண்மை. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றது. காலப்போக்கில் ஜொகூர் முழுவதும், இந்தக் குளுவாங் வட்டாரத்திலும், தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிகள் எழும்பின. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல்.

அந்தப் பள்ளிகள் எழுத்தைக் கற்றுக்கொடுத்தன. அதற்காக அவற்றை நாம் தலைமுறை தலைமுறையாக நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்போடு நின்று, பத்து வயதில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, போய் நின்ற பிள்ளைக்கு அந்த எழுத்து மறந்துபோவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை என்பதுதான் நான் இன்று பேச வந்த செய்தி.

1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கியது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். இந்த இரண்டு தாள்களும் தோட்டத்துக்குள் எப்படி நுழைந்தன என்பதைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வீட்டுக்கு வீடு பத்திரிகை வாங்க யாரிடம் காசு இருந்தது? தோட்டத்துக்கு ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு. தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டுக்கு வரும், அல்லது முடிவெட்டும் கடைக்கு, அல்லது தேநீர்க் கடைக்கு. நேற்றைய தாளாக இருக்கும், முந்தாநாள் தாளாகவும் இருக்கும். எழுத்து தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றிலும் இருபது பேர் குந்தியிருந்து கேட்பார்கள். கூலி உயர்வுக்கான போராட்டமும், உலகப் போரும், ஊர்ச் செய்தியும், தொடர்கதையும் அந்த ஒரு குரல் வழியாகத்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தன. வாசிக்கும் ஆள் பாதியில் நிறுத்தினால் விடமாட்டார்கள். அடுத்து என்ன போட்டிருக்கிறான், சொல்லு என்பார்கள்.

இரவில் வேறொரு வாசிப்பு நடந்தது. சென்னையிலிருந்து பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றவர்கள் அச்சடித்த பெரிய எழுத்துப் புத்தகங்கள் கப்பலேறி வந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை, பாரதக் கதைகள். மங்கிய விளக்கில் வாசிப்பதற்கென்றே அமைந்தவை போன்ற கொட்டை எழுத்துகள். மட்டமான தாள், வண்ண அட்டை. ஒரு லயத்தில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் அது அந்த லயத்துக்கே சொத்து.

என் பாட்டியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. இதே வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரத்துக்குப் போனவள். மாலையில் குளித்து, சோறாக்கி, எல்லாரும் சாப்பிட்டானதும் வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் காலை நீட்டி உட்காருவாள். வெற்றிலையை மடித்தபடியே, "தம்பி, புஸ்தகத்த எடு" என்பாள். எனக்கு எட்டு வயது இருக்கும். அட்டை போன, முதல் சில பக்கங்களும் போன அல்லி அரசாணி மாலைதான் வீட்டிலிருந்த ஒரே கதைப் புத்தகம். தகரப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே இருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஓரிடத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் என்று வையுங்கள், பாட்டி உடனே கையை நீட்டித் தடுப்பாள். "நடுவுல ஒண்ண விட்டுட்டியே, மொதல்லருந்து வா." திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு வரியை விட்டிருப்பேன். அவள் அந்தக் கதையை முன்பு தன் அண்ணன் வாசிக்கக் கேட்டிருக்கிறாள், பிறகு தாத்தா வாசிக்க, பிறகு என் அப்பா வாசிக்க. புத்தகத்தில் போன பக்கங்கள் அவள் மனத்தில் இருந்தன. அந்தப் பக்கங்களை வாய்மொழியாக அவளே சொல்லித் தொடங்கி வைப்பாள். கிழியாத பக்கம் வந்ததும் நான் எடுத்துக்கொள்வேன்.

எழுத்தறியாத ஒருத்தி எனக்கு வாசிப்பு ஆசிரியையாக இருந்தாள். அவள் என்னைப் படி படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. படித்தால்தான் பெரிய வேலைக்குப் போகலாம் என்று சொன்னதில்லை. அவளுக்குக் கதை வேண்டும், அதை எடுத்துக் கொடுக்க என்னால் முடியும், அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஒரு பெரிய மனுஷிக்கு நான் தேவைப்படுகிறேன் என்ற எண்ணம் எட்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஒப்பந்தம் எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. ஊரிலிருந்து வரும் கடிதத்தை வாசித்துக்காட்டச் சொல்லி அடுத்த வீட்டுப் பெரியம்மா வருவார். ஒரே கடிதத்தை மூன்று தடவை, நான்கு தடவை வாசிக்கச் சொல்வார். பத்திரிகையில் யார் இறந்தார்கள் என்று பார்க்கச் சொல்லி ஒரு தாத்தா வருவார். தோட்டத்தில் எழுத்து தெரிந்த பிள்ளை ஒன்றிருந்தால் அதற்கு ஓய்வே இருக்காது. ஆகவே அந்தப் பிள்ளைக்கு எழுத்து மறக்கவும் மறக்காது. வாசிக்கிறவர்களை உண்டாக்கியவர்கள் கேட்டவர்கள்தான். நம் குடும்பங்களில் வாசிப்பு இறங்கி வந்த வழி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கொடுத்ததைவிட, வாசிக்கத் தெரியாதவர் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கியதுதான் அதிகம்.

வீட்டிலுள்ள புத்தகம் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று வெளியுலகில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2010இல் எவன்ஸ், கெல்லி, சிகோரா, டிரைமன் என்ற நான்கு சமூகவியலாளர்கள் 27 நாடுகளில் 70,000க்கு மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புத்தகம் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை, புத்தகமே இல்லாத வீட்டில் வளரும் பிள்ளையைவிடச் சுமார் மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் படிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பெற்றோரின் படிப்பு, தொழில், வசதி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு நிற்கிறது. அவர்களில் சிலர் 2019இல் 31 நாடுகளை வைத்து மறுபடி எழுதினார்கள். பதினாறு வயதில் வீட்டில் 80 புத்தகம் அளவுக்கு இருந்தவர்கள், வளர்ந்தபின் வாசிப்புத் திறனில் சராசரியை எட்டிவிடுகிறார்கள் என்றார்கள். நூற்றுக்கணக்கில் அடுக்கிவைக்க வேண்டியதில்லை, ஒரு சிறு அலமாரி போதும் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தக் கணக்கின்படி பார்த்தால் என் பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது ஒன்று, அதுவும் கிழிந்தது. அவளைப் புத்தகமில்லாத வீட்டுக்காரி என்றுதான் எழுதுவார்கள். லயத்து வீடுகள் அத்தனையும் அந்தப் பட்டியலில்தான் சேரும். அந்த வீடுகளிலிருந்துதான் நம் ஆசிரியர்கள் வந்தார்கள், எழுத்தாளர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அலமாரியில் உள்ளதை எண்ணலாம். காதில் விழுந்ததை எண்ணும் கருவி இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் டாலி பார்ட்டன் என்ற புகழ்பெற்ற பாடகி இருக்கிறார். டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தைக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது. அந்தத் தந்தையை மனத்தில் வைத்துத்தான் 1995இல் தம் சொந்த மாவட்டத்தில், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. படிக்காத தகப்பன் ஒருவர் கோடிக்கணக்கான புத்தகங்களுக்குக் காரணமாகியிருக்கிறார். நம் தோட்டத்து வரலாறு தெரிந்தவருக்கு இதில் வியப்பில்லை.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய சான்று உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்குவதென்று முடிவானது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று போராடிய சாரங்கபாணி, துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் அதற்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள், அந்த நூல்களில் ஒன்றைக்கூட வாசிக்க இயலாதவர்கள், நாட்கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 1956இல் சிங்கப்பூரில் துறை தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அதற்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அறிஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். நூலகத்துக்கு வெள்ளி கொடுத்த பால்வெட்டுக்காரர்களையும் அந்த வரிசையில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கேட்டுக்கேட்டு வாசகரானவர்கள் அடுத்ததாக எழுத வந்தார்கள். தமிழ் நேசன் 1950இல் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு 'கதை வகுப்பு' நடத்தியது. கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம். 1952இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு வந்து, 1957 வரை இருந்து, இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசினார். தமிழ் முரசு பிள்ளைகளுக்கென்று மாணவர் மணிமன்ற மலரை நடத்தியது. எங்கோ ஒரு தோட்டத்துப் பிள்ளை நாலு வரி எழுதி அனுப்பும், அது அச்சில் வரும், பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் வரும். அந்தத் தாள் லயம் முழுக்கக் கைமாறும். வாசிக்கத் தெரியாத தாய், மகளுடைய பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டு, அடுத்த வீட்டுக்காரிக்கு அதே இடத்தில் விரல் வைத்துக் காட்டுவாள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் மணிமன்றம் கண்டார்கள். தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே காலத்தில் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. இதழ் பிந்தி வரும், கைமாறி வரும். தொடர்ப் பக்கங்களைக் கிழித்து நூல் போட்டுத் தைத்து வைத்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. வாசிக்கக் கேட்டவர்கள் கதையோடு நிற்கவில்லை, வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்கு வானதி என்று பெயர் வைத்தார்கள். பூங்குழலி என்று வைத்தார்கள். பூங்குழலி வரலாற்றில் இல்லாதவள், கல்கியின் கற்பனையில் பிறந்தவள். அவள் பெயர் நம் நாட்டுப் பிறப்புப் பத்திரங்களில் ஏறியிருக்கிறது. இந்த மண்டபத்தில் ஒரு பூங்குழலியாவது இருப்பார். அம்மா, உங்கள் பெயர் எந்த வாசிப்பிலிருந்து வந்தது, யார் வாசிக்க யார் கேட்டு வைத்தது என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது? ஒரே இடத்தில் அறுபடவில்லை. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயங்கள் கலைந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து, தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றப் பாடுபட்டார். அப்படியும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், பள்ளிகள் மூடின. குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. அஞ்சடி போயிற்று. சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் தகப்பனுக்கு, பிள்ளை விழித்திருக்கும் நேரமே கிடைப்பதில்லை. 2019 ஜனவரியோடு தமிழ் நேசனும் நின்றுபோயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நம் வீடுகளில் கேட்ட குரல் அது.

இவையெல்லாம் நம் கையை மீறியவை. நம் கையில் இருந்தும் விட்டுவிட்டது ஒன்று உண்டு. பெற்றோரும் தாத்தா பாட்டியும் படித்தவர்களாகிவிட்டோம். படித்தவர்களானதும், பிள்ளை வாசித்து நாம் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. கேட்பவர் இருந்த இடத்தில் தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் உச்சரிப்பைத் திருத்துகிறோம், பொருள் கேட்கிறோம், எத்தனை பக்கம் முடித்தாய் என்கிறோம். 1990களின் இறுதியில் கல்வி அமைச்சு நிலாம் என்ற வாசிப்புத் திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. நோக்கம் மிக நல்லது. பள்ளி நூலகங்கள் உயிர்பெற அது காரணமாயிற்று. ஆனால் வீட்டில் நாம் அதை எப்படி நடத்தினோம்? எண்ணிக்கை ஏறவேண்டும் என்று பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதச் சொன்னோம். சில வீடுகளில் தாயே எழுதிக் கொடுத்தார். புத்தகத்தின் பெயர் பதிவானது, புத்தகம் வாசிக்கப்படவில்லை.

ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளையை முன்பு விரட்டிய அந்தப் பரபரப்பு இன்று இல்லை. கிடைத்த அந்த நேரத்தை டியூஷனுக்குக் கொடுக்காமல் கதைக்குக் கொடுங்கள் என்று பெற்றோரை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு ஆண்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு பிள்ளை மலாய் வழியில் படிக்கிறது. பதினாலு வயதில் அது விரும்பி எடுக்கும் கதைப் புத்தகம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பெரும்பாலும் இருக்கும். அதைப் பிடுங்காதீர்கள். "அதுல என்ன கதை? எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். மலாயில் வாசித்ததைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லும் பிள்ளை இரண்டு மொழியிலும் கெட்டிக்காரப் பிள்ளையாகும். தமிழை வளர்ப்பதாக நினைத்துப் பிற மொழி வாசிப்பைத் தடுத்த வீடுகளில், பிள்ளை எந்த மொழியிலும் வாசிக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் எதை வாசிப்பது என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கதையிலிருந்து தொடங்கலாம் என்பேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அதை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ஒரு மாலை அதில் இரண்டு பக்கத்தைப் பதினைந்து வயதுப் பேரனை உரக்க வாசிக்கச் சொல்லி, எழுபது வயதுத் தாத்தா கேட்கட்டும். நடுவில் தாத்தா வாயைத் திறப்பார். "எங்க பெரியப்பாவ இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க" என்பார். அங்கே புத்தகம் நின்று வீட்டுக் கதை தொடங்கும். நிற்கட்டும். மறுநாள் அந்தப் பையன் தானாகவே புத்தகத்தை எடுப்பான், ஏனென்றால் அது இப்போது அவன் குடும்பத்தைப் பற்றியது.

ஜொகூர்க்காரர்கள் நாம். தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையே எழுதி வைத்தார். நம் மாநிலத்து எழுத்தாளர் ஒருவரின் நூலாவது வீட்டில் இல்லையென்றால் வாங்குங்கள். புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் செலவிடுவதை வருமான வரிக் கணக்கில் வாழ்க்கைமுறைச் செலவு என்ற தலைப்பில் கழித்துக்கொள்ளலாம், 2,500 ரிங்கிட் வரம்புக்குள். கைப்பேசி வாங்கிய ரசீதை அதற்குப் பத்திரமாக வைப்பவர்கள், புத்தகக் கடை ரசீதையும் வைக்கலாம்.

தந்தைமாரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பைத் தாயின் வேலையாகத் தள்ளிவிடாதீர்கள். பெரிய எழுத்துப் புத்தகத்தை லயத்தில் வாசித்தவர்களில் ஆண்கள் நிறைய. கையில் ரப்பர்ப் பால் நாற்றம் போகாத ஆண்கள், ராகம் போட்டு, நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தில் குரல் உடைந்து வாசித்தார்கள். அதைப் பார்த்த ஆண்பிள்ளைகள் வாசிப்பது பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்கள் பற்றியும் பேசியாக வேண்டும். பெரியவர் ஒருவர் கண்ணை மூடுகிறார். காரியம் முடிந்த கையோடு அவருடைய புத்தகங்கள் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் போகின்றன. மலேசியாவில் அச்சான தமிழ் நூல்கள் பல சில நூறு பிரதிகளே அடிக்கப்பட்டவை. ஒன்று போனால் போனதுதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைவுக்குப் பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994இல் அமைந்தன. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்பவர் எவரும் அங்கே போகாமல் முடியாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் ஒரு வீடுதான். க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தம் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அது ஊர் நூலகமாக வளர்ந்து, 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன. எரித்தவர்களைப் பற்றி உலகம் பேசியது. நம் வீட்டு வாசலில் கிலோக் கணக்கில் எடைபோட்டு அழிகிறதை யாரும் பேசுவதில்லை.

ஆகவே இந்த ஊர்க் குடும்பங்களிடம் கேட்கிறேன். அப்பா வைத்திருந்த புத்தகம், தாத்தா தைத்து வைத்த தொடர்கதை, பழைய ஆண்டு மலர், திருமண வாழ்த்து மடல், எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடுமுன் இந்த அறக்கட்டளைக் குழுவிடம் காட்டுங்கள். முதல் பக்கத்தில் யாருடையது, எந்தத் தோட்டத்தில் இருந்தது என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி அதற்குப் போதும்.

அறக்கட்டளையை நிறுவியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடையில் சொற்பொழிவாளர் பேசுவதற்கு முன், இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று தனக்குப் பிடித்த கதையைப் பத்து நிமிடம் உரக்க வாசிக்கட்டும். பரிசு, மதிப்பெண், நடுவர் எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டு பேச வருபவருக்குப் பத்து நிமிடம் குறைந்தால் குறையட்டும். இந்த வேண்டுகோளைக் குழு ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.